கோப்பெல்லாம் வந்தது, கணினி எழும்பவில்லை

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன மாதம் ஒரு பின்னேரம், இணுவிலில் எங்களுக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் தன்னுடைய கணினிப் பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். பத்து வருடத்துக்கு மேல் அந்தப் பெட்டியில்தான் அவருடைய சீவியம். ஊர் வரலாற்றுக் குறிப்புகள், திருவிழா மலர்கள், அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டுகள் என்று நூற்றுக்கணக்கில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். அதைவிட, பழைய கசற்றுகளில் இருந்த நாதஸ்வர தவில் கச்சேரிகளையும் மெனக்கெட்டு கணினியில் ஏற்றியிருக்கிறார். தவில் மேதை தட்சிணாமூர்த்தி பிறந்த ஊரில் இந்தக் கசற்றுகளுக்கு என்ன பெறுமதி என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த வன்தட்டு சில நாளாக ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டிருக்கிறது. கனடாவில் இருக்கும் மகன் காசு அனுப்ப, ஐயா யாழ்ப்பாணம் ரவுனில் ஒரு புதிய எஸ்எஸ்டி வாங்கினார். யூஎஸ்பி வயரில் அதைக் கொழுவி, சி டிரைவைத் திறந்து, எல்லாவற்றையும் தெரிவு செய்து கொப்பி பண்ணினார். சில கோப்புகள் வர மறுத்தன. அவற்றை ‘ஸ்கிப்’ பண்ணினார். பிறகு பழைய தட்டைக் கழற்றி, புதியதைப் பூட்டி, ஆளியைப் போட்டார். கறுப்புத் திரை. தொடங்குவதற்கு ஒரு தட்டும் இல்லை என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி.

“சேர், எல்லாத்தையும் கொப்பி பண்ணினனான். பிறகேன் எழும்புதில்லை?”

இரண்டு வசனத்தில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு ஏறத்தாழ 70 வருட வரலாறு இருக்கிறது. அதில் எங்கள் ஊரின் வரலாறும் கலந்திருக்கிறது. தகவல் தொழினுட்பம் படிப்பிக்கும் எனக்கே அது அன்றைக்குத்தான் சரியாக உறைத்தது.

*

முதல் வன்தட்டு 1956இல் வந்தது. ஐபிஎம் நிறுவனம் ‘ரமாக்’ என்ற கணினியோடு அதை விற்றது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. நிறை ஏறத்தாழ ஒரு தொன். அவ்வளவிலும் அடங்கியது 50 இலட்சம் எழுத்துகள்தான். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அந்த இடம் காணாது.

அந்தத் தட்டு கணக்குவழக்கு வைக்கும் பெட்டகமாகத்தான் தொடங்கியது. கணினியை நடத்தும் மென்பொருளே தட்டில் குடியிருக்கும் வழக்கம் 1960களில்தான் பரவியது. பாடப்புத்தகத்தில் அதைப் ‘பணிசெயல் முறைமை’ என்கிறோம். கடையில் ‘ஓஎஸ்’ என்பார்கள். ஐபிஎம் தன் 360 வரிசைக் கணினிகளுக்கு நாடாவில் இருந்து ஓடும் முறைமை ஒன்றையும் தட்டில் இருந்து ஓடும் முறைமை ஒன்றையும் தனித்தனியாகக் கொடுத்தது. தட்டில் இருந்து ஓடியதன் பெயர் ‘டொஸ்’. தட்டுப் பணிசெயல் முறைமை என்பதன் சுருக்கம். பிறகு மைக்ரோசொப்ட் வெளியிட்ட எம்எஸ் டொஸ் வேறு மென்பொருள். ஆனால் பெயரின் கருத்து அதேதான்.

முறைமை தட்டுக்குள் குடிபோனதும் ஒரு சிக்கல் வந்தது. தட்டை வாசிக்க மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருளோ தட்டுக்குள் இருக்கிறது. பெட்டிக்குள் பெட்டியின் திறப்பு.

இதற்குக் கண்ட வழியை என் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்வேன். காலையில் பாடசாலைக்கு முதலில் வருபவர் காவலாளி. அவருக்குப் பாடம் ஒன்றும் தெரியாது. கந்தோர்த் திறப்பு எந்த ஆணியில் தொங்குகிறது என்பது மட்டும் தெரியும். கந்தோரைத் திறந்தால் உள்ளே மற்ற வகுப்பறைத் திறப்புகள் இருக்கும். அதற்குப் பிறகு ஆசிரியர்கள் வருவார்கள், மணி அடிக்கும், பாடசாலை நடக்கும். கணினியின் தாய்ப்பலகையில் எரித்து வைத்திருக்கும் சிறு நிரல்தான் அந்தக் காவலாளி. அது தட்டின் முதலாவது துண்டத்தை மட்டும் வாசிக்கும். அடுத்ததாக எங்கே போக வேண்டும் என்பதை அந்தத் துண்டம் சொல்லும்.

ஐயா செய்தது என்ன? வாங்கு, மேசை, புத்தகம், கரும்பலகை எல்லாவற்றையும் புதுக் கட்டடத்துக்கு ஏற்றிவிட்டார். ஆணியையும் திறப்பையும் பழைய கட்டடத்தில் விட்டுவிட்டார். அவை கோப்பாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே கொப்பி பண்ணும்போது வருவதுமில்லை.

*

தனியாள் கணினியில் இந்தக் கதை 1983இல் தொடங்குகிறது. அதற்கு இரண்டு வருடம் முன்னர், 1981 ஓகஸ்டில், ஐபிஎம்மின் முதல் ‘பிசி’ வந்தபோது அதில் வன்தட்டே இல்லை. நெகிழ்தட்டில்தான் எல்லாம். அந்த ஓகஸ்டுக்கு இரண்டு மாதம் முன்புதான் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. மே 31 இரவும் யூன் 1உம். ஏறத்தாழ 97,000 நூல்கள். வேறெங்காவது ஒரு பிரதி இருந்த நூல்களைப் பிறகு தேடி எடுக்க முடிந்தது. ஒரேயொரு பிரதியாக இருந்த ஏடுகளும் கையெழுத்துகளும் போனவை போனவைதான். ‘பக்கப்’ என்ற சொல் எங்கள் வீடுகளுக்கு வருவதற்கு முன்னமே அதன் பொருளை யாழ்ப்பாணம் படித்துவிட்டது.

1983 மார்ச்சில் வந்த ஐபிஎம் எக்ஸ்டி கணினியில் 10 மெகாபைட் வன்தட்டு இருந்தது. அதோடு வந்த டொஸ் 2.0 தட்டின் முதல் துண்டத்துக்கு ஓர் ஒழுங்கு வகுத்தது. மொத்தம் 512 பைட்டு. பின்னாளில் நிலைபெற்ற கணக்கின்படி அதில் தொடங்கும் நிரலுக்கு 446 பைட்டு, தட்டை எப்படிப் பிரித்திருக்கிறது என்ற அட்டவணைக்கு 64 பைட்டு, ‘இது சரியான துண்டம்தான்’ என்று காட்டும் முத்திரைக்கு 2 பைட்டு. 446 பைட்டு என்றால் எவ்வளவு? ஒருங்குறித் தமிழில் ஒரு குறிக்கு 3 பைட்டு. இந்தப் பந்தியைக்கூட அதற்குள் முழுதாக அடக்க முடியாது.

அவ்வளவு சிறிய நிரலுக்குத் தட்டு முழுவதும் தேடித்திரிய வழியில்லை. ஆகவே எம்எஸ் டொஸின் மூலக் கோப்பு குறித்த இடத்திலேயே, வரிசையில் முதலாவதாக இருக்க வேண்டும். சாதாரண கொப்பிக் கட்டளை அதை வேறெங்கோ கொண்டுபோய் வைத்தால் கணினி எழும்பாது. இதற்காகவே ‘சிஸ்’ என்று தனிக் கட்டளை இருந்தது. அது அந்த மறைவான கோப்புகளை உரிய இடத்தில் வைத்து, தொடக்க நிரலையும் எழுதிவிடும். அதாவது ஐயாவுடைய கேள்விக்கு 40 வருடத்துக்கு முன்பே பதில் இருந்தது: கொப்பி பண்ணுவது வேறு, முறைமையைக் குடியமர்த்துவது வேறு.

*

அடுத்த பெரிய மாற்றம் விண்டோஸ் 95. உலகமெங்கும் அது கடைக்கு வந்த நாள் 1995 ஓகஸ்ட் 24. நீளமான கோப்புப் பெயர்கள் வந்தன. முறைமையின் அமைப்புகள் எல்லாம் ‘ரெஜிஸ்ட்ரி’ என்ற ஓரிடத்தில் சேர்ந்தன. பழைய டொஸ் கட்டளையால் பெயர்த்தால் அந்த நீளப் பெயர்கள் எட்டு எழுத்தாகக் குறுகிப்போகும். விண்டோஸ் தன் கோப்புகளைத் தானே அடையாளம் காணாது தடுமாறும்.

அப்போது நியூசிலாந்தின் அக்லாந்து நகரில் மரே ஹசார்ட் என்ற நிரலாளர் வேறு வழியில் யோசித்தார். கோப்பு கோப்பாக எடுக்காமல், தட்டின் பிரிவு எப்படி இருக்கிறதோ அப்படியே படியெடுத்து மற்றத் தட்டில் வைத்தால் என்ன? அவர் எழுதிய மென்பொருளின் பெயர் ‘கோஸ்ட்’. 1998இல் சைமன்டெக் நிறுவனம் அதை வாங்கியது. தட்டைத் துண்டம் துண்டமாகப் படியெடுக்கும் யோசனை அதற்கு முன்பே, 1970களில், யுனிக்ஸின் ‘டிடி’ கட்டளையில் இருந்தது. கோஸ்ட் அதைச் சாதாரண திருத்துநரின் கைக்குக் கொண்டுவந்தது. இன்று பலர் பாவிக்கும் இலவச மென்பொருளான குளோன்சில்லா, தாய்வானில் இருந்து வந்தது, அதே பரம்பரைதான்.

அந்த வருடங்களில் நாங்கள் எங்கே இருந்தோம்? குடாநாட்டில் வீடுகளுக்கு மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம். விண்டோஸ் 95 வெளியாகி இரண்டு மாதம் கழித்து, ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. இணுவிலும் நடந்தது. மழைக்குள், இலட்சக்கணக்கான சனம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, ஓரிரு படம். பையில் அடங்கியதுதான் வந்தது. இதை வாசிப்பவர்களில் பலர் அந்த இரவில் நடந்தவர்கள். நான் உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை.

அதே ஒக்டோபர் 30, ஐந்து வருடம் முன்பு, 1990இல், நாங்கள் சோனகதெருவில் இருந்து போனோம். வடக்கின் முஸ்லிம்கள் 70,000க்கு மேற்பட்டோர் அந்தக் கிழமைகளில் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கிடைத்த நேரம் இரண்டு மணித்தியாலம். எனக்கு எட்டு வயது. எங்கள் வீட்டுக் காசு 150 ரூபா வந்தது. படம் ஒன்றும் வரவில்லை. மூத்தம்மாவின் முகம் எப்படி என்று என் பிள்ளைகள் கேட்டால் காட்டுவதற்கு இன்றுவரை என்னிடம் ஒன்றுமில்லை.

புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலுக்குள் பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கியது. ஆசிரியர்கள் இருந்தார்கள், பிள்ளைகள் இருந்தோம். ஆனாலும் அது எங்கள் ஊராக எழும்பக் கனகாலம் எடுத்தது. யார் யாருக்குச் சொந்தம், எந்தக் கடை எந்தத் தெரு முடக்கில், எந்த வாத்தியார் எந்த வகுப்புக்கு என்ற ஒழுங்கு ஒருவர் கையிலும் கோப்பாக இருக்கவில்லை. அது ஊருக்குள் இருந்தது. ஐயாவின் கறுப்புத் திரையைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான். கணினிப் பாடமெல்லாம் பிறகுதான் வந்தது.

*

சரி, கதைக்கு வருகிறேன்.

2002இல் போர்நிறுத்த உடன்படிக்கையும் ஏ9 பாதைத் திறப்பும் வந்த பிறகு குடாநாட்டுக்குள் கணினிகள் தாராளமாக வரத் தொடங்கின. அப்போது ஓடியது விண்டோஸ் எக்ஸ்பி. அதில் புதிதாக ஒரு காவல் இருந்தது. கணினியின் உறுப்புகளைக் கணக்கெடுத்து, அளவுக்கு மிஞ்சி மாறினால் திரும்ப அனுமதி கேட்கும். வன்தட்டும் அந்தக் கணக்கில் ஒன்று. இன்றைய விண்டோஸ் 10, 11இல் அனுமதி முக்கியமாகத் தாய்ப்பலகையோடு கட்டுப்பட்டிருக்கிறது. தட்டை மட்டும் மாற்றினால் பொதுவாகப் புதிய அனுமதி வாங்கத் தேவையில்லை. கடையில் யாராவது அப்படிச் சொல்லிக் காசு கேட்டால் ஒருமுறை யோசியுங்கள்.

எக்ஸ்பி காலத்து ஆவணங்களில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அன்று நாங்கள் தமிழ் அடித்தது பெரும்பாலும் ‘பாமினி’ எழுத்துருவில். பாமினியில் அடித்த கோப்புக்குள் உண்மையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் இருக்கின்றன. பாமினி என்ற எழுத்துரு கணினியில் இருந்தால் மட்டுமே அவை தமிழாகத் தெரியும். அந்த எழுத்துரு கோப்போடு வருவதில்லை. முறைமைக்குள், விண்டோஸ் கோப்புறைக்குள், வேறாக இருக்கிறது. “ஐயா, புது விண்டோஸ் போட்டு டொக்கியுமென்டை மட்டும் எடுத்துத் தாறன்” என்று நான் சொல்லியிருந்தால், அவருடைய நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளும் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறந்திருக்கும். எழுத்துருவைப் பிறகு தேடிப் போடலாம்தான். ஆனால் அது எந்த எழுத்துரு என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்னும் 30 வருடம் கழித்து யார் இருப்பார்?

கோப்பின் பொருள் கோப்புக்குள் மட்டும் இல்லை என்று அதனால்தான் சொல்கிறேன்.

*

அதற்குப் பிறகு அந்த 512 பைட்டு ஒழுங்குக்கே வயது போய்விட்டது. அதில் துண்டத்தின் இலக்கத்தை எழுத 4 பைட்டுதான் இடம். அந்த இலக்கத்தால் ஏறத்தாழ 2 ரெராபைட்டுக்கு மேல் எண்ண முடியாது. தட்டுகள் அதைத் தாண்டிப் பெருத்தன. இன்டெல் தொடங்கிய ‘ஈஎஃப்ஐ’ என்ற புதிய ஒழுங்கைப் பல நிறுவனங்கள் சேர்ந்து 2005இல் மன்றம் அமைத்து யூஈஎஃப்ஐ ஆக்கின. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது கடைக்கணினிகளில் அது பரவலானது. இந்த ஒழுங்கில் தொடங்கும் நிரல் தட்டின் முதல் துண்டத்தில் இருப்பதில்லை. சி டிரைவுக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத சின்னப் பிரிவு ஒன்றில் கோப்பாக இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் தாய்ப்பலகையின் நினைவகத்திலும் இருக்கிறது. ஐயாவின் கணினி இந்த வகை. அவர் சி டிரைவை எவ்வளவு கவனமாகக் கொப்பி பண்ணினாலும் அந்தச் சின்னப் பிரிவு அதில் வராது. சி டிரைவிலும், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரிக் கோப்புகளைப் பூட்டி வைத்திருக்கும். அவர் ‘ஸ்கிப்’ பண்ணியவற்றில் முக்கியமானவை அவைதான்.

*

இனி நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

முதல் வேலை, பழைய தட்டை ஓடவிடாமல் நிறுத்தியது. சத்தம் போடும் தட்டு ஒவ்வொரு தடவை சுழலும்போதும் இன்னும் கெடலாம். தட்டு சாகுமுன் எச்சரிக்கும் என்று நம்பியும் இருக்க முடியாது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளைக் கண்காணித்து கூகிள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செத்த தட்டுகளில் பெரும் பங்கு முக்கியமான எச்சரிக்கைக் குறி எதுவும் காட்டாமலே போயிருந்தது. ஐயாவின் தட்டு சத்தம் போட்டதே அதிர்ஷ்டம்.

இரண்டாவது, நேரே புதிய தட்டுக்குப் போகவில்லை. பழையது 500 ஜிகாபைட், புதியது 480. பெரியதைச் சிறியதில் அப்படியே வைக்க முடியாது. பிரிவைச் சுருக்க வேண்டும். சாகக்கிடக்கும் தட்டில் சுருக்கும் வேலை செய்யக்கூடாது. ஆகவே என்னிடமிருந்த 1 ரெராபைட் தட்டில் முதலில் முழுப் படி எடுத்தோம். அதற்குப் பாவித்தது ‘டிடி ரெஸ்கியூ’. அது நல்ல பகுதிகளை முதலில் வேகமாக எடுக்கும். கெட்ட இடத்தில் முட்டுப்பட்டால் நின்று மல்லுக்கட்டாது. குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகும். எல்லாம் எடுத்த பிறகுதான் குறித்த இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும்.

இரண்டு இரவும் ஒரு பகலும் ஓடியது. மின்வெட்டுக்குப் பயந்து யூபிஎஸ் கொழுவியிருந்தேன். ஐயா பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். அப்போது சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பற்றிக் கதைத்தோம். 1880களில் வீரசோழியம், கலித்தொகை, சூளாமணி என்று ஒவ்வொன்றாக ஏட்டில் இருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். தொட்டால் முறியும் ஏடுகளையும் பூச்சி தின்ற எழுத்துகளையும் பற்றிக் கலித்தொகைப் பதிப்புரையில் வேதனைப்பட்டு எழுதியவர். அவர் செய்ததும் சாகக்கிடக்கும் ஓர் ஊடகத்தில் இருந்து புதிய ஊடகத்துக்குப் பெயர்த்த வேலைதான். ஏட்டை ஒரு தரம் அவிழ்த்தால் அடுத்த தரம் அது இருக்காது என்று தெரிந்து, எந்த ஓலையை முதலில் எடுப்பது என்று யோசித்துச் செய்த வேலை. 1998 தைப்பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய எங்கள் நூலகம் திட்டமும் அதன் தொடர்ச்சி. ஊர்க் கல்வெட்டுகளைக்கூட நூலகம் தேடி எடுத்து மின்வருடி வைத்திருக்கிறது. 1981க்கு ஒரு பதில் உண்டென்றால் அது இதுதான்: ஒரு பிரதி ஓரிடத்தில் என்ற நிலைமையை இனி விடுவதில்லை.

மூன்றாம் நாள் கணக்குப் பார்த்தோம். 500 ஜிகாபைட்டில் 11 மெகாபைட் மட்டும் வாசிக்க முடியவில்லை. படியைச் சுருக்கி, மறைவான சின்னப் பிரிவோடு சேர்த்துப் புதிய தட்டுக்கு மாற்றினோம். பழைய தட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் புதியதைத் தொடங்கினோம். இரண்டும் ஒரே அடையாள இலக்கம் உடையவை. சேர்த்துக் கொழுவினால் விண்டோஸ் குழம்பும்.

எழும்பியது. அதே பின்னணிப் படம், அதே ஒழுங்கில் கோப்புறைகள். ஒரு கல்வெட்டைத் திறந்தோம். பாமினியில் தமிழ் தெரிந்தது. ஐயா ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கெட்டுப்போன 11 மெகாபைட்டில் கொஞ்சம் விண்டோஸின் கோப்புகளில் விழுந்திருந்தது. அதை விண்டோஸே சரிபார்த்துத் திருத்திக்கொண்டது. மிச்சத்தில் பெரும் பகுதி ஒரு கச்சேரியின் நடுவில் விழுந்திருந்தது. ஒலித்தட்டுத் தரத்தில் ஒரு நிமிட ஒலிக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் வேண்டும். தவில் தனியாவர்த்தனத்தின் நடுவே 40 விநாடி இல்லை.

“கசற் இருக்குத்தானே ஐயா? திரும்ப ஏத்துவம்.”

“எறிஞ்சிட்டன் சேர். கொம்பியூட்டரில கிடக்குத்தானே எண்டு எறிஞ்சிட்டன்.”

*

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த 40 விநாடிதான்.

புதிய இடத்துக்குப் போனதும் பழையதை எறிவது எல்லோரும் செய்யும் பிழை. அரசாங்கமே செய்யும். 2023இல் இலங்கை அரசின் மேகக் கணினியைப் பணயத் தீநிரல் தாக்கியபோது, அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000இல் மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போய்விட்டன. அமைச்சரவை அலுவலகத்தினதும் அதில் அடக்கம். மென்பொருள் பழசு, புதுப்பிக்கப் பிந்திவிட்டது. நிகழ்நிலையில் வைத்திருந்த காப்புப் பிரதியும் தாக்குதலில் சேர்ந்தே போனது. வெளியே கழற்றி வைத்த பிரதி ஒன்று இருக்கவில்லை.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. இப்போது எங்கள் வீடுகளிலும் சனசமூக நிலையங்களிலும் பழைய பெட்டிகள் மாறும் காலம். தட்டு மாற்றப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் நான்கு வார்த்தை:

1. சத்தம் வந்தால், வேகம் விழுந்தால், கணினியை நிறுத்துங்கள். முதலில் படி, பிறகுதான் திருத்தம்.

2. முறைமை வேண்டுமென்றால் முழுத் தட்டையும் படியெடுங்கள். கோப்பு மட்டும் போதுமென்றால் எழுத்துருக் கோப்புறையையும் மறக்காமல் எடுங்கள். பாமினியில் இருப்பதை ஆறுதலாக ஒருங்குறிக்கு மாற்றி வையுங்கள்.

3. பழைய தட்டைக் குறைந்தது சில மாதம் துடைக்காமல் வையுங்கள். எஸ்எஸ்டியை மட்டும் நம்பி அலுமாரிக்குள் வருடக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டாம். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதில் இருப்பது மங்கக்கூடும்.

4. ஒரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். முடிந்தால் வேறு ஊரில்.

நாலாவதுதான் எனக்கு முக்கியம். எங்கள் வீட்டுப் படங்களில் ஒரு பிரதியாவது வேறு ஊரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சுவரில் தொங்கியிருந்தால், மூத்தம்மாவின் முகம் இன்று என் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். 1990இல் அதை யோசிக்க எங்களுக்குத் தெரியவில்லை. இன்று தெரிந்தும் செய்யாமல் விட்டால் குற்றம் தட்டில் இல்லை.

ஐயாவின் அந்தக் கச்சேரியை யாராவது அன்றைக்குப் பதிவு செய்திருக்கலாம். 1990களின் முற்பகுதி, இணுவிலில் ஒரு கலியாண வீடு என்கிறார். உங்கள் வீட்டு அலுமாரியில், கொழும்பில், கனடாவில், லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் பழைய கசற் ஏதும் கிடந்தால் ஒருக்கால் போட்டுக் கேளுங்கள். கிடைத்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். கசற்றாக இருந்தாலும், கல்வெட்டாக இருந்தாலும், சத்தம் போடும் வன்தட்டாக இருந்தாலும் சரி, வெள்ளிக்கிழமை தவிர்த்து எந்தப் பின்னேரமும் வீட்டுக்குக் கொண்டு வரலாம். காசு வேண்டாம். படி எடுத்த பிறகு மூலத்தை எறிய மாட்டேன் என்று ஒரு வாக்கு மட்டும் தந்தால் போதும்.